டொட்டன்ஹாம் மைதானக் கூரை நடை: சேவலுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் ஊர்

வட லண்டனில் டொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானக் கூரையில் காசு வாங்கிக்கொண்டு நடக்க விடுகிறார்கள். ‘டேர் ஸ்கைவோக்’ என்று பெயர். விளம்பரத்தைப் பார்த்தால், பயமே இல்லாத இளைஞர்கள் கொஞ்சம் பயத்தை விலைக்கு வாங்கும் இடம் என்று தோன்றும். நான் சொல்ல வந்தது வேறு. எட்மன்டன், டொட்டன்ஹாம், வூட் கிறீன் பக்கத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்களும் கடை குத்தகைக்கு எடுத்தவர்களும் ஒருமுறையாவது இதில் ஏற வேண்டும். உதைபந்தாட்டத்தில் துளி ஆர்வம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த மைதானத்தையும் அதன் சுற்றாடலையும் பற்றிப் பதினைந்து வருடமாகக் கவுன்சில் கூட்டங்களிலும் நீதிமன்றத்திலும் நடந்த ஒரு பெரிய பேரத்தை ஒரே பார்வையில் காட்டும் இடம் வட லண்டனில் வேறு எங்கும் இல்லை. ஐந்து நட்சத்திரத்துக்கு நாலு கொடுக்கிறேன். ஐந்தாவதை விலைக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கு நான் கொடுத்த காசில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கிழமைக்கு மீன் வாங்கலாம். நாளையும் நேரத்தையும் பொறுத்து விலை மாறும் என்பதால் பதிவு செய்யும் முன் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது தங்கையின் மகன். அவன் ஸ்பர்ஸ் பைத்தியம், டொட்டன்ஹாம் கழகத்தை அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். பெரியம்மா வந்தால் டிக்கெட் காசைப் பெரியம்மாவே கொடுப்பார் என்ற கணக்கும் அதில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். நானோ டொட்டன்ஹாம் ஹை ரோட்டில் ஒரு சலவைக் கடையில் பல வருடம் வேலை செய்தவள். பழைய மைதானம் இருந்த காலத்தில் ஆட்டம் முடிந்து போகும் கூட்டத்தை யன்னலுக்குள்ளால் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒருநாளும் போனதில்லை. புதிய மைதானம் எழுந்தபோது பாரம்தூக்கிகளுக்குக் கீழேதான் மத்தியானச் சாப்பாடு.

போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைட் ஹார்ட் லேன் ஓவர்கிரவுண்ட் நிலையம் ஐந்து நிமிட நடை. எங்களைப்போல எட்மன்டன் கிறீனில் இருந்து வருபவர்களுக்கு 149, 279 பஸ்கள் இருக்கின்றன. ஆட்டம், இசை நிகழ்ச்சி நடக்கும் நாட்களில் வீதியை மூடிப் பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள். எனவே முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் போகலாம். தட்டையான, மூடிய சப்பாத்து அவசியம். சேலை, வேட்டி, தளர்ந்த சால்வை எதுவும் சரிவராது.

முதலில் ஒரு அறையில் மேலங்கியும் இடுப்புப் பட்டியும் தருகிறார்கள். பட்டியை இறுக்கிய பெண் ஒவ்வொரு வாரையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு வயிற்றுப் பக்க வார் சரியாக உட்காரவில்லை. அவரை வெட்கப்படவிடாமல், பகிடி சொல்லிக்கொண்டே வேறு ஒன்றை எடுத்து வந்து மாட்டினார். இந்த மாதிரி வேலையில் மனிதரின் பதற்றத்தைக் கையாளத் தெரிவதுதான் பாதித் திறமை, அது அவரிடம் நிறையவே இருந்தது. பிறகு வெளிச்சுவரோடு போகும் படிகளில் ஏற்றம். இடுப்பில் இருந்து ஒரு கொக்கி கம்பியில் ஓடிக்கொண்டே வருகிறது. கம்பியைத் தாங்கும் ஒவ்வொரு பிடியையும் கடக்கும்போது அது சற்றுத் தயங்கும், ஒரு சின்ன வெட்டு கொடுத்து இழுத்தால் ‘டக்’ என்று தாண்டும். ஏறி முடிவதற்குள் அந்தத் தாளம் கைக்குப் பழகிவிடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து முடிவெடுங்கள். என் முழங்கால் மறுநாள் காலை என்னோடு கதைக்கவில்லை.

மேலே கண்ணாடி நடைபாதை. ஆடுகளத்தில் இருந்து 46.8 மீற்றர் உயரம். கண்ணாடிக்குக் கீழே தெற்கு அரங்கு, ஒரே அடுக்கில் 17,500 இருக்கைகள். மொத்தம் 62,850 பேர் இருக்கலாம். கீழே பச்சை மட்டுமே தெரிகிறது, ஆனால் அந்தப் பச்சை நிலையாகக் கிடப்பதில்லை. புல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்து தெற்கு அரங்குக்குக் கீழே சறுக்கிக்கொண்டு போய்விடுமாம். அதற்கு அடியில் அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கான செயற்கைத் தரை இருக்கிறது. எங்கள் வழிகாட்டி இதை விளக்கியபோது அவருடைய கை அலுமாரித் தட்டை உள்ளே தள்ளுவதுபோல அசைந்தது. ஏறத்தாழ நூறு கோடி பவுண் செலவழித்த கட்டடத்தை அந்த ஒரு கையசைவில் புரியவைத்துவிட்டார். இளம் பையன். எத்தனை தரம் இதைச் சொல்லியிருப்பானோ, சலிப்பின் நிழல்கூட முகத்தில் இல்லை.

அங்கிருந்து சேவல். கூரையின் தெற்கு விளிம்பில், பந்தின் மேல் நிற்கும் பொன் நிறச் சேவல், கழகத்தின் சின்னம். 1909இல் பழைய அரங்கின் உச்சியில் வைத்த செப்புச் சேவலின் பெருத்த பிரதி இது. உயரம் நாலரை மீற்றர். முன்னொரு காலத்தில் போல் கஸ்கொயின் என்ற ஆட்டக்காரர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டுப் பழைய சேவலில் விழுந்த பள்ளங்களைக்கூடப் புதியதில் அப்படியே வைத்திருக்கிறார்கள். பெறாமகன் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வேறு பக்தி. “எங்கள் முருகனுடைய கொடியில் இருப்பவர்தானே இவர்” என்றேன். “பெரியம்மா, இங்கேயுமா!” என்றான்.

இங்கேதான். கூரையில் இருந்து மேற்கே பாருங்கள். மேட்டில் அலெக்ஸாண்ட்ரா மாளிகை தெரியும். இன்னும் கொஞ்சம் தள்ளி ஹைகேற் குன்று. அங்கே ஆர்ச்வே வீதியில் நாங்கள் ஆடிக் கிருத்திகைக்கும் கந்தசட்டிக்கும் போகும் முருகன் கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலும் இந்த மைதானமும் ஒரே ஹரிங்கே கவுன்சிலின் எல்லைக்குள். ஆனால் மேற்கே மரமும் தோட்டமும் கோடீஸ்வரர் வீடுகளும். கிழக்கே, காலடியில், நோர்தம்பர்லண்ட் பார்க் குடியிருப்பு, லண்டனின் மிக வறிய பகுதிகளில் ஒன்று. இந்த மேடு பள்ளத்தைத் தெரிந்துகொள்ளாமல் மைதானக் கதை விளங்காது. ஏழைப் பகுதியில் ஒரு பெரிய பணக்காரக் கழகம் இருந்தால், கவுன்சிலின் கண்ணுக்கு அதுதான் ஒரே கப்பல். அது போய்விடக்கூடாது என்ற பயத்தில்தான் எல்லாப் பேச்சுவார்த்தையும் நடக்கும்.

2008இல் புதிய மைதானத் திட்டம் வெளிவந்தது. 2010 செப்டம்பரில் ஹரிங்கே அனுமதி கொடுத்தது. கொடுத்த கையோடு, கழகம் ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் ஒலிம்பிக் மைதானத்துக்கும் ஏலம் கேட்கத் தொடங்கியது. டொட்டன்ஹாம் என்ற பெயரை வைத்துக்கொண்டு கிழக்கு லண்டனுக்குக் குடிபெயர்வதா என்று ரசிகர்களே தெருவில் இறங்கினார்கள். தொகுதி எம்.பி. டேவிட் லம்மி எதிர்த்தார். 2011 பெப்ரவரியில் அந்த மைதானத்துக்கு வெஸ்ட் ஹாம் என்ற வேறு கழகத்தைத் தேர்ந்தார்கள். ஏலத்தில் தோற்றாலும் பேரத்தில் தோற்கவில்லை என்பது என் அபிப்பிராயம். போய்விடவும் கூடியவர் என்பதை ஒருமுறை காட்டிவிட்ட குத்தகைக்காரரிடம் எந்த வீட்டுக்காரரும் பழைய குரலில் வாடகை கேட்பதில்லை.

பிறகு அந்த ஆகஸ்ட் மாதம். 2011 ஆகஸ்ட் 4ஆம் திகதி மார்க் டகன் என்ற இளைஞரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். 6ஆம் திகதி மாலை ஹை ரோட்டில் நீதி கேட்டு நின்ற கூட்டம் இரவானபோது கலவரமாக மாறியது. எங்கள் கடைக்குச் சேதம் இல்லை. ஆனால் அடுத்த நாள் தொங்கவிட்டிருந்த கோட்டுகளில் எல்லாம் புகை மணம். உரிமையாளர் ஒருவரிடமும் மேலதிகக் காசு வாங்காமல் எல்லாவற்றையும் திரும்பச் சலவை செய்து கொடுத்தார். அடுத்த கிழமை எவர்ட்டனோடு நடக்க வேண்டிய பருவத்தின் முதல் ஆட்டமே தள்ளிப்போனது. எரிந்த வீதியைப் பார்த்த அரசியல்வாதிகளுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டிய நெருக்கடி. கையில் தயாராக இருந்தது மைதானத் திட்டம்.

2012 தொடக்கத்தில் நடந்ததை நான் அன்றைக்கே பத்திரிகையில் படித்தேன், ஆனால் மேலே நின்று தெற்குப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் அதன் அளவு உறைத்தது. முதல் உடன்பாட்டின்படி, அனுமதிக்குக் கைமாறாகப் பகுதியின் பாடசாலை, போக்குவரத்து போன்றவற்றுக்குக் கழகம் கொடுக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பவுண். திருத்திய உடன்பாட்டில் அது ஏறத்தாழ 5 லட்சமாகச் சுருங்கியது. தெற்குப் பக்கத்தில் கட்டும் வீடுகளில் பாதி, வசதி குறைந்தவர்களுக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கியது. மாறாக, அப்போது மேயராக இருந்த பொரிஸ் ஜோன்சனின் நிர்வாகமும் கவுன்சிலும் சேர்ந்து 2 கோடியே 70 லட்சம் பவுண் அளவில் பொதுப்பணத்தை மைதானத்தைச் சுற்றியுள்ள வேலைகளுக்கு ஒதுக்கின. இவ்வளவு சலுகை இல்லாவிட்டால் திட்டமே கட்டுப்படியாகாது என்பது கழகத்தின் வாதம். கவுன்சில் அதை ஏற்றது. 2015இல் பெருப்பித்த திட்டத்துக்கு அனுமதி கொடுத்தபோது அதே தெற்குப் பக்கத்துக்கு 585 வீடுகள் என்று எழுதினார்கள். மைதானம் 2019 ஏப்ரல் 3ஆம் திகதி திறந்துவிட்டது. வீடுகளுக்கு அந்த அவசரம் இருக்கவில்லை.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். வடக்கே தெரியும் பெரிய செயின்ஸ்பரி கடை 2013இல் திறந்தது, அதில் வேலை கிடைத்த பிள்ளைகள் எங்கள் கடைக்குச் சீருடை கொண்டுவந்தார்கள். அதே கட்டடத் தொகுதியில் 2017இல் ஒரு மேல்நிலைக் கல்லூரி வந்தது. இன்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே இடம் கிடைக்குமா என்று ஏங்குகிறார்கள். கனன் வீதியில் கழகம் ஒரு வீட்டு நிதியத்தோடு சேர்ந்து 222 வீடுகள் கட்டிக் கொடுத்தது. வைட் ஹார்ட் லேன் நிலையம் பழைய இடிந்த தோற்றம் போய் 2019இல் புதிதானது. இவையெல்லாம் பொய்யில்லை, கூரையில் நின்று விரலை நீட்டிக் காட்டலாம். ஆனால் இவற்றில் எது அன்பளிப்பு, எது கடமை, எது எப்படியும் வந்திருக்கும் என்று பிரித்துச் சொல்ல யாரும் முன்வருவதில்லை.

இனி, நேர் எதிரே இருக்கும் வடக்கு அரங்கு. என்னைக் கேட்டால் முழு நடையிலும் மிக முக்கியமான காட்சி இதுதான், ஆனால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நீல இருக்கைகள் மட்டும். அந்தப் பக்கத்தில் பக்ஸ்டன் வீதி என்று ஒன்று இருந்தது. அதில் ஆர்ச்வே ஷீட் மெற்றல் வேர்க்ஸ் என்ற தகரப் பட்டறை. ஒரு குடும்பத்தின் தொழில். உணவகச் சமையலறைகளுக்குப் புகைக்கூடு, காற்றுக் குழாய் செய்யும் வேலை. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போக, இவர்கள் மட்டும் கழகம் சொன்ன விலைக்குச் சம்மதிக்கவில்லை. உரிமையாளர் விரும்பாவிட்டாலும் நிலத்தை எடுக்கும் கட்டாயக் கொள்வனவு ஆணை போட்டது கவுன்சில். 2014 ஜூலையில் உள்ளூராட்சி அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அதை உறுதிசெய்தார். பட்டறைக்காரர் உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த நவம்பரில் பட்டறை தீப்பிடித்து எரிந்தது. 2015 பெப்ரவரியில் வழக்கும் தோற்றது. மேன்முறையீடு வேண்டாம் என்று விட்டுவிட்டு, அந்த வசந்த காலத்தில் வெளியேறினார்கள்.

நான் அவர்களுக்காக ஒரேயடியாக வக்காலத்து வாங்கவில்லை. ஒரு நிலத்துண்டுக்காக முழுப் பகுதியும் காத்திருந்தது உண்மை. நல்ல விலைக்காக இழுத்தடிக்கிறார்கள் என்று கடைக்கு வந்தவர்களில் பலர் ஏசினார்கள், அதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கவும் கூடும். இருந்தாலும் ஒன்றை யோசியுங்கள். கழகம் விலை கட்டுப்படியாகவில்லை என்று சொன்னபோது உடன்பாட்டையே திருத்திக் கொடுத்தார்கள். பட்டறை அதே சொல்லைச் சொன்னபோது ஆணை வந்தது. ஊரை விட்டுப் போகக்கூடியவருக்கு ஒரு பேரம், போக இடமில்லாதவருக்கு வேறு பேரம். எங்கள் ஊரில் வீதி அகலிக்க வந்தபோதும் மதில் தள்ளிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது யாருக்கு என்பது நினைவிருக்கிறது.

வழிகாட்டிப் பையனிடம், “பக்ஸ்டன் வீதி எந்த இடத்தில் இருந்தது?” என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு வடக்கு அரங்கின் மூலையைக் காட்டி, “அங்கேதான், அந்தப் பெயர் இன்னும் என் அப்பாவின் வாயில் இருக்கிறது” என்றான். டொட்டன்ஹாமிலேயே பிறந்தவனாம். அவனுடைய உரையில் இதெல்லாம் இல்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கேட்டால் சொல்கிறான் என்பதற்கே ஒரு நட்சத்திரம் தரலாம். நீங்களும் கேளுங்கள்.

மேற்குப் பக்கம் திரும்பினால் ஹை ரோடு, அதற்கு அப்பால் லவ் லேன் குடியிருப்பு. 297 வீடுகள் கொண்ட பழைய கவுன்சில் குடியிருப்பு. ரயில் நிலையத்தில் இருந்து மைதானத்துக்கு நேராக ஒரு அகன்ற நடைவழி வேண்டும் என்று வரைபடத்தில் கோடு கிழித்தபோது, அந்தக் கோடு இந்த வீடுகளுக்கு மேலால் போனது. முழுக் குடியிருப்பையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டத்தைக் கவுன்சில் கொண்டுவந்தது. அதற்கான ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன், கடையைப் பாதிக்குமா என்று பார்க்க. மேசையில் வரைபடம் விரித்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். ஒரு கானா நாட்டு அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து, விரலால் வீதி வீதியாகத் தடவி, “என் வீட்டுக்கு எந்த நிறம்?” என்று கேட்டார். இளஞ்சிவப்பு என்றார்கள். “இளஞ்சிவப்பு என்றால் என்ன?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல இரண்டு உத்தியோகத்தர்கள் தேவைப்பட்டார்கள், அவர்கள் சொன்னது ஒன்றுக்கொன்று முரணாக இல்லாவிட்டாலும் ஒன்றாகவும் இல்லை. அந்த அம்மா கேக் துண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

2017இல் லெண்ட்லீஸ் என்ற கட்டட நிறுவனத்தை இந்தத் திட்டத்துக்குத் தேர்ந்தார்கள். அதே நிறுவனத்தோடு சேர்ந்து கவுன்சில் நிலங்களை எல்லாம் ஒரு கூட்டுக் கம்பனிக்கு மாற்றும் 200 கோடி பவுண் திட்டம் ஒன்றும் இருந்தது. நோர்தம்பர்லண்ட் பார்க்கும் அதில் அடக்கம். அந்தத் திட்டம் தொழிற்கட்சிக்குள்ளேயே பிளவை உண்டாக்கி, கவுன்சில் தலைவி கிளேர் கோபரின் பதவியைக் காவுகொண்டு, 2018இல் கைவிடப்பட்டது. மக்கள் கத்தினால் ஒன்றும் நடக்காது என்று சொல்பவர்கள் இதை ஞாபகம் வைத்திருக்கட்டும். லவ் லேனில் 2021இல் குடியிருப்பாளர்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்குச் சற்று மேலானவர்கள் ஆம் என்றார்கள். ஐந்நூறு கவுன்சில் வீடுகள் வரும் என்ற உறுதிமொழிதான் அவர்களைத் திருப்பியது. ஈரம் ஊறிய சுவரோடு இருப்பவருக்குப் புது வீடு என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்போது கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேண்டாம் என்று எழுதினார்கள் என்பதும் அதே பெட்டியில் இருந்து வந்த செய்திதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்ததாகக் கவுன்சிலை நீதிமன்றத்துக்கு இழுத்தது கழகமே. 2022இல் லெண்ட்லீஸின் திட்டத்துக்கு அனுமதி கிடைத்ததும், அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஆட்ட நாட்களில் கூட்டம் பாதுகாப்பாக நடமாடுவது அவர்களுடைய கவலைகளில் ஒன்று. 2023இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டாயக் கொள்வனவில் தோளோடு தோள் நின்றவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிர் வாங்கில். பெறாமகனுக்கு இதைச் சொன்னபோது, “அப்படியானால் ஸ்பர்ஸ் தோற்றுவிட்டார்களா?” என்று மட்டும் கேட்டான். ஆட்டத்தில் அவர்கள் தோற்பதைப் பார்த்துப் பழகியவன்.

ஹை ரோட்டு ஓரத்தில், மைதானத்தின் கண்ணாடி முகப்புக்குள் செருகினாற்போல ஒரு பழைய செங்கல் வீடு நிற்பதைக் கவனியுங்கள். வோர்மிங்டன் ஹவுஸ். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் இருந்ததால் தப்பியது. அதன் அயலில் இருந்த வேறு பழைய கட்டடங்கள், ரெட் ஹவுஸ் உட்பட, நடைபாதையில் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று இடிக்கப்பட்டன. மரபுரிமை அமைப்புகள் எதிர்த்தன, நடக்கவில்லை. வோர்மிங்டன் ஹவுஸ் இன்று கழகத்தின் வரவேற்புப் பகுதியோடு இணைந்திருக்கிறது. பக்கத்தில் வந்து நின்று பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது, கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் நடுவில் அமர்த்திய பூட்டியைப்போல.

வீதியில் கடை வைத்திருப்பவர்களின் கணக்கு இன்னொரு விதம். உதைபந்தாட்டம் தவிர்ந்த பெரிய நிகழ்ச்சிகளுக்கு ஆண்டுக்கு 16 என்று இருந்த வரம்பைக் கவுன்சில் பின்னர் 30 ஆக உயர்த்தியது. 2023இல் பியொன்சே ஐந்து இரவு பாடினார். கோழிக் கடைக்கும் மதுச்சாலைக்கும் அது திருவிழா. சலவைக் கடைக்கு அன்று ஒரு சட்டைகூட வராது, ஏனென்றால் காரை நிறுத்த முடியாது, பஸ்ஸும் வராது. ஒரே தெருவில் ஒரே நாள் ஒருவருக்கு இலாபம், அடுத்தவருக்கு விடுமுறை. எங்கள் உரிமையாளர் கடைசியில் குத்தகையை நீடிக்கவில்லை. காரணம் மைதானம் மட்டும் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு வயதும் போய்விட்டது.

திரும்பவும் நடையின் தரத்துக்கு வருகிறேன். பாதுகாப்பு ஏற்பாடு முதல் தரம், ஊழியர்கள் முதல் தரம். இறங்குவதற்கு இரண்டு வழி உண்டு. வந்த மாதிரியே படி, அல்லது மேலதிகக் காசு கொடுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்குவது. பெறாமகன் கயிற்றைக் கேட்டான், நான் படியைக் கேட்டேன், காசு என்னுடையது என்பதால் படி. வேகமாக நடந்து முடித்துவிடும் குழுவோடு சேர்ந்தால் பார்க்க நேரம் போதாது. எனவே வார நாளில், கூட்டம் குறைந்த வேளையில் பதிவு செய்யுங்கள். சேவலடியில் நிற்கும் நிமிடங்களை வீணாக்காதீர்கள். எல்லோரும் படத்துக்கு முகம் காட்டும் நேரத்தில் நீங்கள் மேற்கையும் வடக்கையும் பார்த்துவிடுங்கள்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். உயரம் என்றால் தலை சுற்றுபவர்கள் காசை வீணாக்க வேண்டாம், கண்ணாடித் தளத்தை மெதுவாகச் சமாளிக்க வழியில்லை. மைதானத்தின் உள்ளே உடைமாற்றும் அறை, கோப்பைகள், ஆட்டக்காரர் உட்காரும் இடம் பார்க்க வேண்டும் என்று வருபவர்களுக்குச் சாதாரணச் சுற்றுலா டிக்கெட் போதும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் அதுவே மேல், கூரைக்காற்றில் அவர்கள் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள்.

மாலைச் சாய்ந்த வெளிச்சத்தில் அலெக்ஸாண்ட்ரா மாளிகைப் பக்கம் கண் கூசும். அதனால் காலை பதினொரு மணியை அண்டிய நேரம் நல்லது. ஒக்டோபர் தாண்டினால் கையுறை கொண்டுபோங்கள், இரும்புக் கைப்பிடி எலும்பைத் தொடும். கீழே இறங்கியபின் மைதானத்துக்குள் இருக்கும் கடையில் பசி தீர்க்காமல் ஹை ரோட்டில் தெற்கே நடங்கள். துருக்கிக்காரர் ரொட்டிக் கடைகளில் காலையிலேயே சுடச்சுடக் கிடைக்கும். சென்ற மாதம் எனக்கும் பெறாமகனுக்கும் எட்டுப் பவுணுக்குள் முடிந்தது, தேத்தண்ணீர் உட்பட.